பறவைகளின் அறிதிறனை ஆராயும் வேலைக்கு வருவது எப்படி?

"காகம் புத்திசாலியா?" என்ற கேள்வியோடுதான் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். ஆர்வம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சோதனைகூட நடத்த முடியாது. எதில் புத்திசாலி? எதோடு ஒப்பிட்டு? அதை எப்படி அளப்பது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் அளவுக்குக் கேள்வியைக் கூர்மையாக்குவது இத்தொழிலில் பாதி வேலை. கிடைத்த பதில் நமக்குப் பிடித்ததாக இருக்கும்போது அதை இன்னும் கடுமையாகச் சந்தேகிப்பது மீதிப் பாதி. எந்தப் படிப்பு, எந்த ஆய்வகம், எப்போது விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த இரண்டு பழக்கமும் இல்லாமல் மதிப்பெண்ணோடு மட்டும் வருபவர்கள் நடுவழியில் திணறிப்போகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பட்டத்துக்கு முன்பே: பார்க்கப் பழகுங்கள்

தினமும் சுலபமாகக் கண்ணில் படும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். அரிய பறவை வேண்டாம். காகம், புறா, சிட்டுக்குருவி, எதுவானாலும் சரி. முதல் சில வாரங்கள் அது செய்வதையெல்லாம் எழுதி ஒரு நடத்தைப் பட்டியல் தயாரியுங்கள். எத்தோகிராம் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு நடத்தைக்கும் நீங்கள் எழுதும் விளக்கத்தைப் படிக்கிற இன்னொருவர், உங்களிடம் கேட்காமலேயே அந்த நடத்தையை அடையாளம் காண முடிய வேண்டும். "கோபமாக இருந்தது" என்று எழுதினால் அது உங்கள் ஊகம். "உடலைத் தாழ்த்தி, கழுத்து இறகுகளைச் சிலிர்த்து, அலகைத் திறந்தபடி மற்ற பறவையை நோக்கி நகர்ந்தது" என்று எழுதினால் அது பதிவு. கோபமா, பயமா, பசியா என்பதைப் பிறகு தரவு சொல்லட்டும்.

அடுத்தது, யாரை எப்போது பார்ப்பது என்ற ஒழுங்கு. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் சண்டையும் சத்தமும்தான் நோட்டில் நிறையும். சும்மா உட்கார்ந்திருக்கும் பறவை விடுபட்டுப்போகும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974ல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலை அலசி, எந்தக் கேள்விக்கு எந்த முறை பொருந்தும் என்று பிரித்துக் காட்டியது. இன்றைக்கும் இத்துறையில் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் களத்துக்குப் போகிறார்கள். ஒரே பறவையைக் குறிப்பிட்ட நேரம் விடாமல் கவனித்துப் பதிவது ஒரு முறை. சீரான இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, அந்தக் கணத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கூட்டத்தில் செய்து பாருங்கள். ஒரே மாலைப்பொழுது இரண்டு நோட்டுகளில் வேறு வேறு மாதிரி பதிவாகியிருக்கும்.

வெளியே போக வசதியில்லையா? கார்னெல் பறவையியல் ஆய்வகம் கூடுகளில் கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறது. அதே ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்திலும் சீனோ-கான்டோ தளத்திலும் பறவை ஒலிகள் கொட்டிக் கிடக்கின்றன. வீடியோவை நிறுத்தி நிறுத்தி நடத்தைகளைக் குறிக்க போரிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு நண்பரையும் அதே வீடியோவைக் குறிக்கச் சொல்லி, இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களில் கோளாறு பெரும்பாலும் உங்கள் விளக்கத்தில்தான் இருக்கும். அதைத் திருத்திவிட்டு இருவரும் மறுபடி குறியுங்கள். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் நேர்காணலில் இதைச் சொல்லும் மாணவர் பேச்சை எந்த நெறியாளரும் காது கொடுத்துக் கேட்பார்.

உங்களை இழுப்பது எந்த "ஏன்?"

நடத்தையியலை ஒரு துறையாக நிறுவியதற்காக 1973ல் கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றவர் நிக்கோ டின்பெர்கன். அவர் 1963ல் எழுதிய கட்டுரை ஒன்றில், நடத்தையைப் பற்றிய "ஏன்" என்ற கேள்வி உண்மையில் நான்கு கேள்விகள் என்று பிரித்தார். ஒரு பறவை ஏன் பாடுகிறது? மூளையின் இன்ன பகுதியும் இன்ன ஹார்மோனும் இயங்குவதால் என்பது ஒரு பதில். குஞ்சாக இருந்தபோது பெரிய பறவை பாடக் கேட்டுக் கற்றுக்கொண்டதால் என்பது இன்னொன்று. பாடினால் இணை கிடைக்கிறது, எல்லையைக் காக்க முடிகிறது என்பது மூன்றாவது. அதன் மூதாதை இனங்களில் இந்தத் திறன் எப்படி உருவாகி வந்தது என்பது நான்காவது. நான்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கருத்தரங்குகளில் நடக்கும் சண்டைகளில் கணிசமானவை, ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வருபவை.

இதில் எது உங்களை இழுக்கிறது என்பதைச் சீக்கிரம் கண்டுகொள்ளுங்கள். போக வேண்டிய ஆய்வகத்தை அதுதான் தீர்மானிக்கும். மூளையின் இயக்கம் என்றால், ஜெர்மனியின் டூபிங்கனில் ஆண்ட்ரியாஸ் நீடர் குழு செய்வது போல, காகம் எண்ணிக்கையை மதிப்பிடும்போது அதன் தனித்தனி நரம்பணுக்களைப் பதிவு செய்யும் ஆய்வகம் வேண்டும். இது இப்போது சூடுபிடித்திருக்கும் பகுதி. கிளிகளும் பாடும் பறவைகளும் தங்கள் சிறிய மூளைக்குள் நரம்பணுக்களை மிக நெருக்கமாக அடக்கி வைத்திருக்கின்றன, அதே எடையுள்ள குரங்கின மூளையில் இருப்பதைவிடவும் அதிகமாக, என்று 2016ல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, "பறவை மூளை" பற்றிய பழைய இளக்காரம் துறைக்குள் அடங்கிப்போனது. பயன் என்ற கேள்விதான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் களத்துக்குப் போக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அருகே விட்டம் காட்டில் கிரேட் டிட் பறவைகளை 1947லிருந்து தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். அவ்வளவு நீண்ட தரவு இருப்பதால்தான், ஒரு திறமை வாழ்நாளில் எத்தனை குஞ்சுகளைத் தந்தது என்பது போன்ற கேள்விகளைக் கேட்க முடிகிறது.

கட்டுரைகளைப் படிக்கும் விதம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் இந்தத் துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1998ல் நிக்கோலா கிளேட்டனும் அந்தோணி டிக்கின்சனும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரப் ஜே, உணவை ஒளித்துவைத்துப் பிறகு எடுத்துத் தின்னும் பறவை. அதற்கு மெழுகுப் புழு என்றால் கொள்ளைப் பிரியம், நிலக்கடலை இரண்டாம்பட்சம். ஆனால் புழு நாள்பட்டால் அழுகிவிடும், கடலை கெடாது. மணல் நிரப்பிய ஐஸ் தட்டுகளில் பறவைகள் இரண்டையும் ஒளித்தன. புழுவை ஒளித்து 4 மணி நேரமே ஆகியிருந்தால் புழு இருந்த தட்டில் தேடின. 124 மணி நேரம் ஆகியிருந்தால் கடலைத் தட்டுக்குப் போயின. எதை, எங்கே, எவ்வளவு நேரத்துக்கு முன் ஒளித்தோம் என்ற மூன்றும் அவற்றின் நினைவில் இருந்தன.

முடிவைப் படித்து வியந்ததோடு நின்றுவிடாதீர்கள். வாசனை பிடித்துப் போயிருக்கலாமே? அதற்காகத்தான் சோதனையின்போது தட்டுகளிலிருந்து உணவை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். சரி, பழைய புழுவை ஒளித்த இடம் மறந்துபோயிருந்தால்? அதற்கு இன்னொரு குழு இருந்தது. அந்தப் பறவைகளுக்குப் பயிற்சியில் எப்போதும் புதுப் புழுவே வைக்கப்பட்டதால், புழு கெட்டுப்போகும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அவை 124 மணி நேரம் கழித்தும் புழுவையே தேடிப் போயின. மறதி என்ற விளக்கம் அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது. இவ்வளவுக்குப் பிறகும், மனிதர்களைப் போலவே இவையும் கடந்ததை மனதில் மீண்டும் வாழ்கின்றன என்று அவர்கள் எழுதவில்லை. நிகழ்வு நினைவை ஒத்த ஒன்று என்று அளந்துதான் சொன்னார்கள். அந்த அளவைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். பிறகு மூடி வைத்துவிட்டு, பறவை இப்படி நடந்துகொள்ள எத்தனை எளிய காரணங்கள் இருக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் முடிவுகளுக்குப் போய், ஆசிரியர்கள் எதையெல்லாம் அடைத்திருக்கிறார்கள், எது திறந்தே கிடக்கிறது என்று பாருங்கள். திறந்து கிடப்பதில் ஒன்று உங்கள் முதல் ஆய்வாகக்கூட ஆகலாம்.

முடிவுகள் பின்னாளில் மாறுவதையும் படியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம் நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த சிறு வாளியைத் தூக்கி எடுத்தது 2002ல் உலகச் செய்தி ஆனது. அந்த இனத்தின் காட்டுப் பறவைகள் கருவி செய்யும்போது இயல்பாகவே குச்சியை வளைக்கின்றன என்று 2016ல் தெரியவந்தது. பெட்டி செய்தது பொய்யாகிவிடவில்லை. ஆனால் அது திடீரென்று தோன்றிய உத்தி என்ற வாசிப்பு பலவீனமானது. மேக்பை பறவைகளின் கண்ணாடிச் சோதனையும் அப்படித்தான். 2008ல் வெளியான ஆய்வில் 5 பறவைகளில் இரண்டு, கண்ணாடியில் பார்த்துத் தம் உடலில் இருந்த குறியைத் தேடின. 2020ல் வெளியான மறுசோதனையில் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு பறவையின் இயல்பான வாழ்க்கை தெரியாமல் அதன் புத்தியை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெட்டியின் கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

எந்தப் படிப்பு?

விலங்கியல், உளவியல், நரம்பியல், சூழலியல், இவற்றில் எதுவும் ஒத்துவரும். கணினி அறிவியலிலிருந்து வருபவர்களுக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. வீடியோவிலிருந்து பறவையின் அசைவைத் தானாகப் பிரித்தெடுக்கும் வேலை எல்லா ஆய்வகங்களிலும் குவிந்து கிடக்கிறது. அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியோடு 1977லிருந்து அது 2007ல் இறக்கும்வரை ஆய்வு செய்த ஐரீன் பெப்பர்பெர்க், முனைவர் பட்டம் வாங்கியது வேதியியலில். எனவே "என் பாடம் வேறு" என்று தயங்க வேண்டாம்.

தயங்காமல் படிக்க வேண்டியது புள்ளியியல். புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழியை இளநிலையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், துறை முழுக்க அதில்தான் ஓடுகிறது. 10 பறவைகளை ஆளுக்கு 100 முறை சோதித்தால் 1000 தரவுப்புள்ளிகள் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். கிடைத்தது 10 பறவைகள்தான். ஒரே பறவையின் பதில்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரிகளைப் போடத் தெரிந்தால், சேரும் முதல் நாளிலிருந்தே ஆய்வகத்துக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

கை அனுபவம்

முதுநிலைக்கு முன்போ நடுவிலோ சில மாதங்கள் களத்திலோ பறவைக்கூடத்திலோ உதவியாளராக இருந்து பாருங்கள். பிறகு ஐந்து வருடங்கள் செய்யப்போகும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும். கூண்டைக் கழுவுவது, தீவனம் எடைபோடுவது, விடியலுக்கு முன் எழுவது, மழையில் வலையை மடிப்பது, சோதனைப் பெட்டிக்கு அருகே வரவே மறுக்கும் பறவைக்காக நாள் கணக்கில் காத்திருப்பது, இவைதான் பெரும்பகுதி. கலஹாரிப் பாலைவனத்தில் ஆய்வாளர்கள் பழக்கிவைத்திருக்கும் பைட் பாப்ளர் பறவைகள், பிடிக்காமலேயே தாமாகத் தராசில் ஏறி நின்று எடை காட்டும். அந்த ஒரு வசதிக்குப் பின்னால் தினமும் அவற்றோடு நடந்த பலரின் உழைப்பு இருக்கிறது.

இந்த வேலைகளுக்குப் பணம் கேட்கும் அமைப்புகளும் உண்டு. உங்கள் உழைப்பையும் கொடுத்து, கட்டணமும் செலுத்தச் சொல்லும் இடங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். தங்குமிடமும் சாப்பாடுமாவது தரும் இடமாகப் பாருங்கள். முடிந்தால் ஊதியம் தரும் இடம். பறவைகளைப் பிடித்து வளையமிடக் கற்றுக்கொள்ள முறையான பயிற்சியும் உரிமமும் தேவை. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

நெறியாளரைத் தேடுவது

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். உங்களைக் கவர்ந்த கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். இத்துறையில் பெரும்பாலும் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கேம்பிரிட்ஜ், செயின்ட் ஆண்ட்ரூஸ், வியன்னா, லுண்ட், போஹும், ஆக்லாந்து, கான்ஸ்டன்ஸில் உள்ள மேக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை நிறுவனம் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களிடம் படித்துவிட்டு இப்போது சொந்தமாக ஆய்வகம் தொடங்கியிருக்கும் இளைய ஆய்வாளர்களையும் தேடுங்கள். அவர்களிடம் உங்களுக்கு ஒதுக்க நேரம் இருக்கும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார் என்று ஒரு வரி. அவருடைய இன்ன கட்டுரையில் இன்ன சோதனையைப் படித்தபோது எழுந்த கேள்வி என்ன என்று மூன்று நான்கு வரி. இதுவரை உங்கள் கையால் செய்தது என்ன, எந்த ஆண்டு சேர விரும்புகிறீர்கள், இடம் உண்டா. தன்விவரம் இணைப்பில். "சிறுவயதிலிருந்தே பறவைகள் மீது எனக்குத் தீராத காதல்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அவருக்கு வரும் எல்லா மின்னஞ்சலிலும் அது இருக்கும். உங்கள் கேள்வி மட்டும்தான் வேறெதிலும் இருக்காது. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.

இடம் கிடைக்கும் வாய்ப்புத் தெரிந்ததும், அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு வருகிறது, சோதனை சொதப்பினால் நெறியாளர் எப்படி நடந்துகொள்கிறார், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பலான பதில்களும் பதில்தான்.

ஐரோப்பாவில் பல நாடுகளில் முனைவர் படிப்பு என்பது விளம்பரம் வந்து விண்ணப்பிக்கும் சம்பள வேலை. மூன்று நான்கு வருடங்கள் ஆகும். அமெரிக்காவில் டிசம்பர் வாக்கில் விண்ணப்பித்து அடுத்த இலையுதிர் பருவத்தில் சேருவார்கள். ஐந்தாறு வருடங்கள் போகும். எங்கே போனாலும் உதவித்தொகை உறுதியாகாமல் சேராதீர்கள்.

ஆய்வு செய்யும் வருடங்கள்

ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஒரு காலத்தில் பெர்லினே நம்பியது. கேள்வி கேட்பவர் தன்னை அறியாமல் செய்த சிறு தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907ல் காட்டினார். பறவைகளும் நம்மைக் கூர்ந்து பார்ப்பவை. சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்துவிட்டபோது, பல வருடங்களுக்குப் பிறகும் காகங்கள் அந்த முகமூடியைக் கண்டாலே கூச்சலிட்டன. அதனால் விடை எந்தப் பக்கம் என்று தெரியாதவரை வைத்துச் சோதனை நடத்துங்கள். வீடியோவைக் குறிப்பவருக்கும் எந்தப் பறவை எந்தக் குழு என்று தெரிய வேண்டாம். கணிப்பையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு சேர்க்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் பறவைகள் யார் என்பதையும் எழுதுங்கள். வலையில் எளிதில் சிக்குவதும், பெட்டியருகே துணிந்து வருவதும் ஒருவேளை அந்த இனத்தின் துணிச்சலான பறவைகள் மட்டுமாக இருக்கலாம். மைக்கேல் வெப்ஸ்டரும் கிறிஸ்டியன் ரட்ஸும் 2020ல் முன்வைத்த ஸ்ட்ரேஞ்ச் என்ற சட்டகம் இத்தகைய சாய்வுகளை வரிசைப்படுத்துகிறது. திட்டமிடும்போதே அதை மேஜையில் வையுங்கள். எண்ணிக்கை குறைவு என்ற பிரச்சினைக்கு, பல ஆய்வகங்கள் ஒரே சோதனையைப் பகிர்ந்து நடத்தும் மெனிபேர்ட்ஸ் போன்ற கூட்டு முயற்சிகள் நல்ல வழி. மாணவராகவே அதில் சேரலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காகித வேலையாக நினைக்காதீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ல் வகுத்த மூன்று கொள்கைகள், அதாவது விலங்குக்குப் பதில் வேறு வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை, இன்றும் அடித்தளம். இனப்பெருக்கக் காலத்தில் வேறொரு பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டுச் சோதிக்கும்போது, எல்லையைக் காக்க வேண்டிய ஒரு பறவையை நாம் அலைக்கழிக்கிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும். எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

படிப்புக்குப் பிறகு

இதை மறைக்க விரும்பவில்லை: நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பின் போஸ்ட்டாக் எனப்படும் தற்காலிக ஆய்வுப் பணி ஒன்றிரண்டு, பெரும்பாலும் வேறு வேறு நாடுகளில், அதன் பிறகுதான் உதவிப் பேராசிரியர் பதவிக்கே போட்டியிட முடியும். திறமையானவர்கள் பலர் இடையில் விலகுகிறார்கள். காரணம் திறமைக் குறைவாக இருப்பதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு இடம் மாறுவது எல்லோருக்கும் முடியாது. எனவே முதல் போஸ்ட்டாக்கிலேயே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். நெறியாளருடைய கேள்வியிலிருந்து பிரிந்து உங்களுக்கென ஒரு கேள்வியை உருவாக்குங்கள், சிறியதானாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி வாங்குங்கள். அப்படியே, எத்தனை வருடம் வரை முயல்வது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசி ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. உயிரியல் பூங்காக்கள், விலங்கு நல அமைப்புகள், பாதுகாப்புத் திட்டங்கள் நடத்தை தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஹவாயின் அலாலா காகம் 2002க்குப் பிறகு காட்டில் காணப்படவில்லை. கூண்டில் வளர்த்தவை மட்டுமே மிஞ்சின. 2016ல் சிலவற்றைக் காட்டில் விட்டபோது, அங்குள்ள ஈயோ பருந்து அவற்றில் சிலவற்றைக் கொன்றது. கூண்டில் பிறந்த காகத்துக்குப் பருந்தைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை. அதன் பிறகு, பருந்தையும் அதன் குரலையும் காகங்களின் அபாயக் குரலோடு சேர்த்துக் காட்டி, விடுவதற்கு முன்பு தரும் பயிற்சியை வலுப்படுத்தினார்கள். அதுவும் போதவில்லை, இழப்புகள் தொடர்ந்ததால் பிழைத்திருந்தவற்றை 2020ல் திரும்பப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2024ல், ஈயோ இல்லாத மாவி தீவில் புதிதாகச் சில பறவைகளை விட்டிருக்கிறார்கள். எதிரியை ஒரு பறவை எப்படிக் கற்கிறது, எந்த வயதில், யாரைப் பார்த்து என்ற கேள்விகளுக்கு அந்தத் திட்டத்தில் பதில் தேவைப்படுகிறது. அதைச் சொல்லக்கூடிய பயிற்சிதான் நீங்கள் பெறப்போவது.